45 டிகிரி அண்ணன்!

ஃபைனல் இயர் குரூப் போட்டோ வந்தாச்சா? கடைசி வரிசையில கண்ணை மூடிட்டு நிக்கிறது நீங்கதானே? பரவாயில்லை, ஃப்ரேம் போட்டு மாட்டிட்டீங்கள்ல... இப்ப ஒரு வேலை பண்ணுங்க. உங்க முகத்தை விட்டுட்டு ஃப்ரேமோட நாலு மூலையையும் உத்துப் பாருங்க. சந்து தெரியலையா? அதுக்குக் காரணமான ஒருத்தரைப் பற்றித்தான் இந்த வாரம்!

ஒரு சட்டத்துக்கு நாலு பக்கம், எட்டு முனை. ஒவ்வொரு முனையும் 45 டிகிரியில வெட்டணும். கால் பெடலை மிதிச்சா, 'வி' மாதிரி நிக்கிற ரெண்டு பிளேடு சரக்குன்னு இறங்கி மரத்தை நறுக்கும். அதுல வெறும் அரை டிகிரி பிசகினா? எட்டு முனைக்கும் சேர்த்து 4 டிகிரி! மூணு மூலை சமர்த்தா சேரும். நாலாவது 'ஆ'ன்னு வாயைப் பிளக்கும். பிளேடு மழுங்கினாலும் வம்புதான். மேல இருக்கிற தங்க கலர் பூச்சு பிசிறடிச்சு உரியும்.

போன வருஷம் நண்பனோட தாத்தா இறந்துட்டார். மறுநாள் காலையில காரியம். படத்தை எடுத்துக்கிட்டு ராத்திரி ஏழு மணிக்கு ஃப்ரேம் கடைக்கு ஓடினோம். "மெஷின் பல்லைக் காட்டிடுச்சு தம்பி"ன்னு கையை விரிச்சார் கடைக்காரர். மூலையில ஆணி அடிக்கிற காத்து மெஷின் படுத்துடுச்சு. நண்பன் முகம் செத்துப்போச்சு.

எட்டரைக்கு டிவிஎஸ் எக்ஸ்எல்-ல வந்து இறங்கினார் மெக்கானிக் அண்ணன். கம்ப்ரெஸர் டேங்கைத் திறந்துவிட்டார். துருத் தண்ணியா கொட்டுச்சு. தேஞ்சுபோன ஒரு ரப்பர் ரிங்கை மாத்தினார். டப்... டப்னு ஆணி இறங்க ஆரம்பிச்சது. அப்பாடா!

ஆனா, அண்ணன் கிளம்பலை. வேஸ்ட் கட்டையில நாலு துண்டு வெட்டி, சேர்த்துப் பிடிச்சு, டியூப்லைட் பக்கம் தூக்கிக் காட்டினார். ஒரு மூலையில நூல் மாதிரி வெளிச்சம்! "இது ஆகாது"ன்னு போல்ட்டை லூஸ் பண்ணி, பிளேடை நகர்த்தி, மறுபடி வெட்டினார். மறுபடி பார்த்தார். மூணு தடவை!

"அண்ணே, இதுவே போதும்ணே"ன்னான் நண்பன்.

"தாத்தா படம் உங்க வீட்டுல எத்தனை வருஷம் தொங்கும் தம்பி?"ன்னு கேட்டார் அவர். அவன் பதில் சொல்லலை. கண்ணு கலங்கிடுச்சு.

வெளிச்சக் கோடு மறைஞ்சதும் கூலியை வாங்கிக்கிட்டுக் கிளம்பிட்டார். தாத்தாவுக்குச் சட்டம் போட்டு முடிச்சப்ப மணி பத்து. அதைப் பார்க்க அண்ணன் அங்கே இல்லை. அவரோட வேலை நல்லா இருந்தா, நம்ம கண்ணுக்கு எதுவுமே தெரியாது. தப்பா இருந்தாத்தான் தெரியும். பாராட்டு வாங்க வழியே இல்லாத வேலை, பார்த்தீங்களா?

அதனால ஃப்ரெண்ட்ஸ், அடுத்த தடவை கடையில மெஷினுக்கு அடியில கிரீஸ் கையோட ஒருத்தர் படுத்திருந்தா, "எவ்ளோ நேரம்ணே ஆகும்?"னு நச்சரிக்காதீங்க. ஒரு டீ சொல்லுங்க. பேரைக் கேளுங்க. நானும் அன்னைக்குக் கேட்காம விட்டுட்டேன்.

நண்பன் வீட்டுக்குப் போறப்பல்லாம் தாத்தாவைப் பார்க்கிறேனோ இல்லையோ, அந்த மூலைகளைப் பார்க்கிறேன். இன்னும் சந்து விழலை!