யாரிடம் மறைக்கிறீர்கள்?

சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஐடி கம்பெனியில் ஒருவருக்கு வேலை போனால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் சொல்லும் புத்திமதி: "யார்கிட்டயும் மூச்சு விடாதே. அடுத்த வேலை கிடைச்சப்புறம் கம்பெனி மாறிட்டேன்னு சொல்லிக்கலாம்." கல்யாணமாகாதவர் என்றால் வரன் தட்டிப்போகுமே என்ற பயம், ஆனவர் என்றால் சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். படித்தவர்கள் இதையே மெருகேற்றி, "மார்க்கெட்டில் மதிப்புக் குறையும்" என்பார்கள். மனிதரும் அக்கம்பக்கத்தார் கண்ணுக்காக வழக்கமான நேரத்துக்கு லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார். பைக்குள் லேப்டாப் இல்லை. அதை அடையாள அட்டையோடு அன்றைக்கே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பழைய டீமின் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் சத்தமில்லாமல் வெளியேறிவிடுகிறார்.

இதற்குத் தன்மானம் என்று பெயர் வைத்திருக்கிறோம். வடிகட்டின அசட்டுத்தனம் இது.

யாரிடம் மறைக்கிறோம் என்று கொஞ்சம் யோசியுங்கள். ஆளெடுக்கும் ஹெச்ஆரிடம் மறைக்க வழியே இல்லை. ரிலீவிங் லெட்டர் கேட்பார்கள், கடைசி மாதங்களின் பே ஸ்லிப் கேட்பார்கள். பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணைத் தட்டினால் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் வந்து நிற்கும். சம்பளத்தை அடித்துப் பேசக் காத்திருப்பவருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. தெரியாமல் போவது யாருக்கு? முன்பு பக்கத்து சீட்டில் இருந்து, இன்று வேறு கம்பெனியில் டீம் லீடாக இருக்கும் ஆளுக்கு. நமக்காக ஒரு வார்த்தை சொல்லக்கூடியவர் அவர்தான்.

அவரோடு இருக்கும் அந்த அரைகுறைப் பழக்கத்துக்குத்தான் மதிப்பு அதிகம். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் பாஸ்டனை அடுத்த நியூட்டன் பகுதியில் வேலை மாறியவர்களை விசாரித்து, 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்துவந்தவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்த்தவர்கள் 55.6 சதவீதம், அபூர்வமாகப் பார்த்தவர்கள் 27.8. நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்த சேதிதான் தெரியும். புதுச் சேதி தள்ளியிருப்பவரிடமிருந்துதான் வரும். 2022-இல் லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரை வைத்துச் செய்த ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது, ரொம்பத் தள்ளிப்போனாலும் உதவாது என்ற திருத்தத்தோடு. நாம் என்ன செய்கிறோம்? வீட்டிலும் உயிர்த்தோழனிடமும் சொல்லிப் புலம்பிவிட்டு, வேலை வரக்கூடிய வாசலை மட்டும் பார்த்துச் சாத்துகிறோம்.

இந்த வெட்கத்தில் கம்பெனிகள் நன்றாகக் குளிர்காய்கின்றன. "நாங்க டெர்மினேஷன்னு போட்டா உங்க ஃபியூச்சர் கெட்டுடும், நீங்களே பேப்பர் போட்டுடுங்க" என்று மீட்டிங் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்வது இந்தத் துறையில் பலருக்கும் பழகிய வசனம். வெளியே தெரியாமல் முடிந்தால் போதும் என்று இவரும் ராஜினாமாவைத் தட்டிவிடுவார். ஆட்குறைப்பு என்றால், சட்டத்தின் கணக்கில் தொழிலாளி என வருபவருக்கு, ஓராண்டு தொடர்ந்து வேலை செய்திருந்தால், ஆண்டுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு உண்டு. தானே பேப்பர் போட்டவருக்கு அது கிடையாது. வேலை போனதில் வெட்கப்படத்தான் என்ன இருக்கிறது? டிசிஎஸ் 2025 ஜூலையில் தன் ஆட்களில் 2 சதவீதம் பேரைக் குறைப்பதாக அறிவித்தது, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். அத்தனை பேரும் வேலை தெரியாதவர்கள் என்று நம்புவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

வேலையில் இருப்பவனைத்தான் கம்பெனிகள் விரும்புகின்றன என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் இடைவெளிதான் குறை என்றால், வாய் திறக்காத ஒவ்வொரு மாதமும் அந்த இடைவெளியில்தானே போய்ச் சேர்கிறது?

கெஞ்சுவதாக ஆகிவிடாதா என்பது அடுத்த கேள்வி. பல கம்பெனிகளில் ரெஃபரல் போனஸ் என்று ஒன்று இருக்கிறது. ஆளைச் சேர்த்துவிட்டவருக்குக் கம்பெனியே பணம் கொடுக்கிறது. வாங்கிக்கொள்பவர் அவர், கூச்சப்படுவது நாம்! அதற்காக, வருஷக்கணக்காகப் பேசாத இருநூறு பேருக்கு "ஹாய், எனி ஓப்பனிங்ஸ்?" என்று ஒரே மெசேஜைத் தள்ளிவிடுவதும் வேலைக்காகாது. எந்த ப்ராஜெக்டில் சேர்ந்து வேலை பார்த்தோம், இப்போது எனக்கு என்ன தெரியும், எந்த மாதிரி வேலை தேடுகிறேன், போன மாதத்தோடு கடைசிக் கம்பெனியில் வேலை முடிந்தது. இவ்வளவை எழுதினால் போதும், பழைய மேனேஜருக்கும்கூட.

வேலையில் இருப்பவர்களும் சும்மா இல்லை. "பாவம், நொந்து போயிருப்பார், போன் பண்ணி என்னத்தைப் பேசுறது" என்று ஒதுங்குகிறார்கள். இதைக் கரிசனம் என்று அவர்களே நம்புகிறார்கள். அடுத்த பட்டியலில் தன் பெயர் இருக்குமோ என்ற கிலி அதில் பாதி. போன் பண்ணுங்கள். ஆறுதல் சொல்ல அவருக்கு வீட்டில் ஆள் இருக்கிறது. உங்கள் கம்பெனியில் எந்த டீமுக்கு ஆள் தேடுகிறார்கள் என்பது உங்கள் உள் போர்ட்டலில் இருக்கிறது. அதைத் திறக்க அவரிடம் லாகின் இல்லை.