கைதட்டல் போதாது

தமிழ்ப்பள்ளி விழாக்களில் மாய வித்தைக்கு இடமளிப்போர் இரு திறத்தர். ஒரு திறத்தார் அதனைச் சிறுவர்க்குரிய பொழுதுபோக்கு எனக் கருதி, கால்மணி நேரத்தை நிரப்ப அழைப்பர். மறு திறத்தார், விலையுயர்ந்த பெட்டிகளும் காதைப் பிளக்கும் இசையும் இருந்தால் கூட்டம் மயங்கிவிடும் என நம்புவர். இவ்விரு கருத்தும் பிழையே. தொப்பியிலிருந்து புறா பறந்தால் கைதட்டல் எழும். அது கண் கொடுக்கும் கூலி. நெஞ்சம் ஈடுபட்டதா என்பதே வினா.

வித்தையின் புதுமையால் நெஞ்சம் ஈடுபடுவதில்லை என்பதற்கு வரலாறே சான்று. பெண்ணொருத்தியை இரண்டாக அறுக்கும் வித்தையைச் செல்பிட் என்பார் 1921ஆம் ஆண்டு சனவரியில் இலண்டன் மேடையில் காட்டினார். அடுத்த 35 ஆண்டுகளில் அது பலரும் அறிந்த வித்தையாயிற்று. ஆயினும் 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், வங்கத்து வித்தைக்காரர் பி. சி. சர்க்கார் அதனைப் பி.பி.சி. தொலைக்காட்சியில் நிகழ்த்தியபோது, அப்பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என வினவும் தொலைபேசி அழைப்புகள் நிலையத்தில் குவிந்தன. காரணம் யாது? அறுத்த பின்னர் சர்க்கார் அவளை எழுப்ப முயன்றார், அவள் எழவில்லை. உடனே அறிவிப்பாளர் ரிச்சர்டு டிம்பிள்பி நிகழ்ச்சியை முடித்துவிட்டார். நேரம் தீர்ந்தது என்றனர் நிலையத்தார். அது சர்க்காரின் திட்டமே என்பாரும் உளர். எதுவாயினும், நேயர்களை உலுக்கியது இரம்பம் அன்று. ஓர் உயிரைப் பற்றிய கவலை.

படிப்பறியாத தெரு வித்தைக்காரரும் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். கூடை வித்தையில் முதலில் சிறுவனோடு சண்டை மூளும், அவன் கெஞ்சுவான், அதன் பின்னரே கூடையில் வாள் பாயும். வாளுக்கு முன்னே இரக்கத்தை ஊன்றிவிட்டமையால், கூட்டம் மூச்சடக்கி நின்றது.

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரப் பள்ளி மேடைகளின் முன் அமர்வோர் யாவர்? பால்மரம் சீவியோரும் செம்பனைக் குலை அறுத்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் அல்லரோ? கிழித்த தாளை முழுதாக்கும் எளிய வித்தை ஒன்றே இவர்களுக்குப் போதும். வெறுந்தாளாயின் சிறுவர் சிரித்து மறப்பர். அத்தாளை ஒரு தோட்டம் எனச் சொல்லிப் பார்க்கட்டும். 1950களில் வெள்ளையர் தோட்டங்கள் விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டதும், குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்ததும், தாள் கிழியக் கிழியச் சொல்லப்படட்டும். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்து, தொழிலாளர் சிறுகச் சேர்த்த பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்ட கதை தொடரட்டும். துண்டுகளைப் பிள்ளைகளே ஒவ்வொருவராகக் கொணர்ந்து சேர்க்கட்டும். தாள் முழுதாக விரியும்போது மூத்தோர் கண்கள் கலங்காமல் இரா.

உணர்ச்சியைத் தூண்டுவது ஏமாற்றன்றோ எனச் சிலர் கேட்பர். அன்று. இலங்கைப் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், ஏமாற்றுக்கு இடமில்லாச் சூழலில் அற்புதம் புரிந்து காட்டுவோர்க்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறைகூவினார். 1978இல் அவர் மறையும்வரை எவரும் அதனைப் பெறவில்லை. போலிச் சாமியார் வித்தையை மறைத்து அருள் என்பார். வித்தைக்காரரோ வித்தை என்று சொல்லியே மேடையேறுகிறார். அந்நேர்மை உள்ளவரை உணர்ச்சி குற்றமாகாது.

குற்றமாவது வேறொன்று. மேடைக்கு அழைத்த மாணவனின் உருவத்தையும் பெயரையும் கேலி செய்து சிரிப்பு மூட்டும் வழக்கம் இருக்கிறதே, அது வித்தையன்று, கொடுமை. அவன் தாய் அவையில் இருக்கிறாள் என்பதை எண்ணாதவர் எவர் நெஞ்சையும் வெல்லார்.

ஆகவே, விழாவுக்கு வித்தைக்காரரை அழைக்கும் பள்ளி, "எத்தனை பெட்டிகள் கொண்டு வருவீர்?" எனக் கேட்பதை விடுத்து, "எம் பிள்ளைகளுக்கு எக்கதையைச் சொல்வீர்?" எனக் கேட்கட்டும். விடை சொல்லத் தெரியாதவர்க்கு மேடை வேண்டா.