புதுக் கம்ப்யூட்டருக்குப் பழைய பயாஸ் எதற்கு?

சென்ற மாதம் என் மாமா, புதிதாக அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டரைப் பார்க்கச் சொல்லி அழைத்தார். "நாலு டி.பி. ஹார்ட் டிஸ்க்னு காசு வாங்கினாங்க மாப்ளே, பாதிதான் காட்டுது" என்றார். டிஸ்க்கில் எந்தக் கோளாறும் இல்லை. 2,048 ஜி.பி. மட்டும் பயன்பாட்டில் இருக்க, மீதி 1,678 ஜி.பி. சும்மா கிடந்தது. விண்டோஸ் இன்ஸ்டால் செய்தவர், பழக்கதோஷத்தில் மதர்போர்டை 'லெகஸி' முறைக்கு மாற்றியிருந்தார்.

பவர் பட்டனை அழுத்தியதும் மெமரி, கீபோர்டு, டிஸ்க் ஆகியவற்றைச் சோதித்து, விண்டோஸை எழுப்பிவிடும் சிறிய புரோகிராம்தான் பயாஸ். இது 1981-ல் ஐ.பி.எம். பி.சி.யுடன் வந்தது. லெகஸி முறையில் விண்டோஸ் பூட் ஆக, டிஸ்க்கில் எம்.பி.ஆர். என்ற பார்ட்டிஷன் பட்டியல் இருக்க வேண்டும். இது செக்டார்களை 32 பிட் எண்ணால் எண்ணுகிறது. செக்டாருக்கு 512 பைட் என்றால், கணக்கு 2 டி.பி.யோடு முடிந்துவிடும். பட்டியல் இருப்பதும் முதல் செக்டாரில் மட்டுமே. அது கெட்டால், உங்கள் பைல்கள் டிஸ்க்கில் இருந்தும் விண்டோஸுக்குத் தெரியாது.

இதற்கு மாற்றாக இன்டெல் தொடங்கிய முயற்சி, 2005-ல் பல நிறுவனங்களின் கூட்டமைப்பிடம் வந்து யு.இ.எப்.ஐ. ஆனது. இதனுடன் வரும் ஜி.பி.டி. பட்டியலுக்கு 2 டி.பி. எல்லை இல்லை. டிஸ்க்கின் கடைசியில் பட்டியலுக்கு ஒரு நகலும் உண்டு. 'செக்யூர் பூட்' வசதியோ, டிஜிட்டல் கையெழுத்து சரியில்லாத பூட் புரோகிராமை ஓடவே விடாது. 2021-ல் வந்த விண்டோஸ் 11, யு.இ.எப்.ஐ.யைக் கட்டாயமாகக் கேட்கிறது.

'பிளாக்லோட்டஸ் செக்யூர் பூட்டையே ஏமாற்றியதே?' என்று கேட்கலாம். 2023-ல் நடந்தது உண்மைதான். அதனால் அப்டேட்களை விடாமல் போட வேண்டும். திருடனுக்குப் பூட்டைத் திறக்கத் தெரியும் என்பதற்காக யாரும் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவதில்லை.

உங்கள் கம்ப்யூட்டரில் 'சிஸ்டம் இன்பர்மேஷன்' என்று தேடித் திறங்கள். 'பயாஸ் மோட்' என்ற வரியில் யு.இ.எப்.ஐ. என்று இருந்தால் கவலை இல்லை. லெகஸி என்று இருந்தால், அவசரப்பட்டு செட்டப்பில் மாற்றிவிடாதீர்கள். விண்டோஸ் பூட் ஆகாது. முதலில் பேக்கப் எடுங்கள். பிறகு மைக்ரோசாப்ட் தரும் 'எம்.பி.ஆர். டு ஜி.பி.டி.' டூலால் டிஸ்க்கை மாற்றிவிட்டு, அதன் பின் செட்டப்பை மாற்றுங்கள். மாமாவின் கம்ப்யூட்டரை இப்படித்தான் சரி செய்தேன்.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு இந்த வேலையே வேண்டாம். பணம் கொடுக்கும் முன், அந்த ஒரு வரியைக் கடையிலேயே காட்டச் சொல்லுங்கள்.