ஜியு ஜிட்சுவுக்கு ஏன் ஒரு போலிப் பூர்வீகம்?

பெங்களூருவின் இந்திராநகரிலோ கோரமங்கலாவிலோ பிரேசிலிய ஜியு ஜிட்சு கற்கச் செல்லும் மாணவர் விரைவிலேயே ஒரு கதையைக் கேட்க நேரிடும். இக்கலை இந்தியாவில் பௌத்தத் துறவிகளிடம் பிறந்தது. சீனம் வழியே ஜப்பானை அடைந்தது. பிரேசிலைச் சுற்றிக்கொண்டு இப்போது தாயகம் திரும்பியிருக்கிறது. உலகெங்கும் இக்கலையின் அறிமுக உரைகளில் இடம்பெறும் கதைதான் இது. இந்திய மண்ணில் அதற்குக் கைதட்டல் சற்று அதிகம். ஆயினும் இது வரலாறு அன்று.

சான்றுள்ள வரலாறு சுருக்கமானது. 1882இல் கானோ ஜிகோரோ டோக்கியோவில் கொடோகன் பள்ளியை நிறுவி, பழைய ஜூஜுட்சு மரபுகளிலிருந்து ஜூடோவை வகுத்தார். அப்பள்ளியில் பயின்ற மயேடா மிட்சுயோ பல நாடுகளில் மற்போர் புரிந்து 1914இல் பிரேசிலை அடைந்தார். பின்னர் பெலெம் நகரில் தங்கிக் கற்பித்தார். அவர் வழிவந்த பயிற்சியே கிரேசி குடும்பத்தாரிடம் தனிக்கலையாக உருப்பெற்றது. அக்காலத்தில் ஜப்பானுக்கு வெளியே ஜூடோவையும் ஜியு ஜிட்சு என்றே பலர் அழைத்தனர். அந்தப் பழைய ஒலிபெயர்ப்பு பிரேசிலியக் கலையின் பெயரில் இன்றும் நிற்கிறது.

இங்கே போதிதர்மர் துணைக்கு அழைக்கப்படுகிறார். 2011இல் வெளிவந்த ‘ஏழாம் அறிவு’க்குப் பின் தமிழரிடையே அவரைப் பற்றி ஐயம் எழுப்புவதே குற்றமாகிவிட்டது. 547ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட லுவோயாங் மடாலயங்கள் பற்றிய நூல் அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. இன்னொரு பழங்குறிப்பு தென்னிந்திய அரசரின் மூன்றாம் மகன் என்கிறது. இரண்டிலும் போர்க்கலை பற்றிய பேச்சே இல்லை. ஷாவோலின் போர்க்கலையோடு அவரை இணைக்கும் ‘யிஜின் ஜிங்’ 17ஆம் நூற்றாண்டு நூல். அதன் முன்னுரைகள் போலியானவை என்பது ஆய்வாளர் நன்கறிந்த செய்தி.

சொற்களையும் விசாரிக்கலாம். உடையின் பெயரான ‘கி’ ஜப்பானியம். ‘கிமுரா’ என்னும் பூட்டு, 1951இல் ரியோ டி ஜெனிரோவில் ஹெலியோ கிரேசியை அதே பிடியால் வீழ்த்திய ஜப்பானிய வீரர் மசாஹிகோ கிமுராவின் பெயர். ‘ஓமோபிளாட்டா’ தோள்பட்டை எலும்பைக் குறிக்கும் போர்த்துகேயச் சொல். கலை வந்த வழியை அதன் சொற்களே சொல்கின்றன. பயிற்சிக்கூடத்தைக் குறிக்கும் ‘தோஜோ’ மட்டும் போதிமண்டம் என்னும் வடசொல்லின் சீன மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது என்று எதிர்வாதம் எழலாம். உண்மைதான். ஆனால் சொல் பயணம் செய்ததால் பொருளும் உடன் பயணம் செய்தது என்றாகாது. ‘ஜன்னல்’ போர்த்துகேயச் சொல் என்பதற்காக, காலதர் அமைத்த தமிழர் சாளரத்தையே போர்த்துகேயரிடம் கற்றனர் என்று எவரும் வாதிடுவதில்லை.

கலையின் இலக்கணமும் இக்கதைக்கு எதிராகவே நிற்கிறது. இந்தியக் குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால் தோல்வி. ஜியு ஜிட்சுவிலோ ஆட்டத்தின் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது. மல்லாந்து கிடப்பவர் கால்களால் எதிராளியை வளைத்துக் கட்டுப்படுத்தும் ‘கார்ட்’ நிலையே அதன் உயிர்நாடி. அங்கிருந்தே கழுத்தை நெரிக்கலாம், மூட்டைப் பூட்டலாம். எதிராளி கையால் தட்டிப் பணிந்தால் ஆட்டம் முடியும். எளியவர் வலியவரை எதிர்கொள்ள உதவும் இந்நுட்பத்தை வளர்த்தெடுத்த பெருமை பிரேசிலியருக்கு உரியது.

பெருமிதக் கதையால் என்ன தீங்கு என்று கேட்போர், அதே பெங்களூருவின் பழைய பேட்டைத் தெருக்களுக்குச் சென்று பார்க்க வேண்டும். செம்மண் களம் கொண்ட கரடி மனைகள் அங்கே உண்டு. விலங்குக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. கன்னடத்தில் ‘கரடி’ பயிற்சிக்களம். தமிழிலும் ‘கரடிக்கூடம்’ என்ற சொல் வழங்கியது. கல்யாணியில் ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரரின் 12ஆம் நூற்றாண்டு நூலான மானசோல்லாசம், மல்லர்களின் தரத்தையும் உணவையும் பயிற்சியையும் விரித்துரைக்கிறது. மைசூரு தசராவில் இன்றும் குஸ்தி நடக்கிறது. இத்தனை இருக்க, இல்லாத துறவிகளை எதற்குத் தேட வேண்டும்? குஸ்தி என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து வந்தது. அதை ஏற்றதால் கரடி மனையின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

கற்பனைப் பூர்வீகம் உழைப்பின்றிக் கிடைக்கும் பெருமை. உண்மையான மரபு உழைப்பைக் கோருகிறது. கன்னடத்தில் ‘பட்டு’ எனப்படும் மற்போர்ப் பிடிகள் ஒவ்வொன்றின் பெயரையும், அவற்றை அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே பதிவுசெய்வது மொழியியல் துறைகளின் கடமை. ஜியு ஜிட்சு பயிற்சியாளர் முதல் நாளில் மயேடாவின் பெயரைச் சொல்லட்டும். இந்திய மற்போரைப் பற்றிப் பேச விரும்பினால், மாணவர்களை ஒருநாள் கரடி மனைக்கு அழைத்துச் செல்லட்டும்.