கீமோவா கொன்றது?

போன மாதம் பவானி கூடுதுறையில் என் அத்தை மகளுக்குக் காரியம். அவளுக்கு வயது 41. மொட்டையடித்த தலையும் ஈர வேட்டியுமாக அவள் பையன்கள் இரண்டு பேரும் பிண்டம் வைத்துக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டில் என் பக்கத்தில் இருந்த பெரியப்பா சொன்னார்: “அந்தக் கீமோதான் கண்ணு புள்ளயக் கொன்னுபோட்டுது. மொதல்லயே மூலிகைக்குப் போயிருந்தா பொழச்சிருப்பா.” சுற்றியிருந்தவர்கள் ஆமாமென்று தலையாட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

நடந்தது என்ன? கழுத்தில் நெறி கட்டியது. சதை எடுத்துச் சோதித்ததில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்று வந்தது. கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படும் புற்றுநோய் அது. முழுச் சிகிச்சை எடுப்பவர்களில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். 6 சுற்று என்று எழுதிக் கொடுத்தார்கள். 2 சுற்றில் முடி கொட்டியது, வாய் வெந்தது, சொந்தபந்தம் கூடிப் பேசி நிறுத்திவிட்டது. பிறகு ஒன்பது மாதம் கஷாயம். கட்டி நெஞ்சுக்குள் இறங்கி மூச்சு முட்டிய பிறகுதான் மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். போடாமல் விட்ட 4 சுற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. போட்ட இரண்டின் மேல்தான் கொலைப்பழி.

அந்தக் கஷாயத்தில் இருந்தது எது தெரியுமா? நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்கிறோமே, அதேதான். அவள் பாதியில் விட்ட கீமோவின் நாலு மருந்துகளில் ஒன்றான வின்பிளாஸ்டின் எதிலிருந்து வந்தது? அதே நித்தியகல்யாணியிலிருந்து! கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் சர்க்கரை நோய்க்கென்று ஜமைக்காவிலிருந்து வந்த அதன் இலையைச் சோதித்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளையணுக்கள் சரிந்தன. அந்த வழியே போய் 1958-இல் வின்பிளாஸ்டினைக் கண்டார்கள். சில கிராம் மருந்துக்கு டன் கணக்கில் காய்ந்த இலை வேண்டும். அதை மில்லிகிராம் கணக்கில் அளந்து, நரம்பில் ஏற்றுகிறார்கள். ஒரு கைப்பிடி இலையை அடுப்பில் கொதிக்க வைத்தவர் எத்தனை மில்லிகிராம் கொடுத்தார்? அவருக்கே தெரியாது. மூலிகையை நம்புகிறவர்களே, ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஏறிக்கொண்டிருந்ததும் மூலிகையின் சாறுதான். அதைத்தான் பிடுங்கி எறிந்தீர்கள்.

வயலில் பாதி மருந்தடித்துவிட்டு வந்தால் தப்பிய பூச்சி என்ன செய்யும் என்று பெரியப்பாவுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. புற்றுச் செல்லும் அதைத்தான் செய்கிறது. உள்ளே வரும் மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் பம்பு ஒன்று அதன் தோலில் இருக்கிறது. 1976-இல் டொராண்டோவில் ஜூலியானோவும் லிங்கும் கண்ட அந்தப் புரதத்தின் பெயர் பி-கிளைக்கோபுரோட்டீன். வின்பிளாஸ்டினையும் அது இறைத்துவிடும். பாதியில் நிறுத்தினால் மிஞ்சுவது இப்படித் தாக்குப்பிடித்த செல்கள்தான். அடுத்த முறை அதே மருந்து எடுபடாமல் போவதற்கு மருந்தையா குற்றம் சொல்வது?

இங்கேதான் வாட்ஸ்அப் பண்டிதர்கள் நுழைகிறார்கள். மஞ்சள் அந்தப் பம்பை அடைக்கிறதாம், சீன மூலிகை அடைக்கிறதாம், முள்சீத்தாப்பழம் கீமோவைவிட 10,000 மடங்கு வலுவாம். கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லில் மஞ்சளிலுள்ள குர்குமின் பம்பைத் தடுப்பது உண்மை. சீன மூலிகையிலிருந்து எடுத்த டெட்ராண்ட்ரினும் தடுக்கிறது. கீமோ உள்ளே தங்கி வேலை செய்யட்டும் என்பதற்கான ஆராய்ச்சி அது. கீமோவையே தூக்கி எறியச் சொல்லும் ஆராய்ச்சியாக அதைத் திரிப்பது மோசடி. வாய்வழி தின்ற குர்குமின் ரத்தத்தில் சேர்வதோ மிகக் கொஞ்சம். மஞ்சள் காப்பாற்றுமென்றால் காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில், தலைமுறை தலைமுறையாக மஞ்சளிலேயே புரளும் எங்கள் ஊர்களில் ஒருவருக்கும் புற்றுநோய் வந்திருக்கக் கூடாது.

சீனாவிலிருந்து கற்க வேண்டியது வேறு. ஹார்பின் நகர மருத்துவர் ஜாங் டிங்டாங் 1970-களில் நாட்டு வைத்தியக் கலவையிலிருந்த பாஷாணத்தைத் தனியே பிரித்து, அளவு கட்டி, நோயாளிகளிடம் சோதித்தார். இன்று ஒருவகை ரத்தப் புற்றுநோயை உலகமெங்கும் குணப்படுத்தும் மருந்துகளில் ஒன்று அந்தப் பாஷாணம். பரம்பரை அறிவுக்கு அவர் செய்த மரியாதை அது. ஒப்புக்கு ஒரு ரத்தப் பரிசோதனைகூடச் செய்யாமல் “பக்கவிளைவே இல்லை” என்று விளம்பரம் செய்வது நம் சித்த மருத்துவத்துக்குச் செய்யும் அவமானம். புற்றுநோயைத் தீர்ப்போம் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். சுவரெங்கும் சுவரொட்டி, போனெங்கும் வீடியோ. பிடிக்கத்தான் ஆளில்லை.

“கெமிக்கல் வேண்டாம்” என்று அவளிடம் ஓதிய அதே வாய்கள், வாய்க்காலில் சாயக்கழிவும் தோல்கழிவும் ஓடியபோது எங்கே போயிருந்தன? அந்தத் தண்ணீரில் விளைந்ததைத்தானே எல்லோரும் தின்றோம்? உயிர் காக்கும் ஊசி மட்டும் கெமிக்கலா?

டாக்டர்களையும் விட மாட்டேன். முடி கொட்டும், வாய் வேகும், ஆனாலும் நிறுத்தக் கூடாது என்று உட்காரவைத்து அரை மணி நேரம் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் கஷாயக்காரன் வந்து உட்கார்ந்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டில் இருந்தது. காசு அவளைக் கொல்லவில்லை. பேச்சுதான் கொன்றது.

அன்று கூடுதுறையில் நான் பதில் சொல்லவில்லை. பையன்கள் காதில் விழுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அது தப்பு. பெரியவன் காதில் விழத்தான் வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு அவன் வீட்டில் யாருக்காவது கழுத்தில் நெறி கட்டும்போது, “கீமோ எங்கம்மாவைக் கொன்னுபோட்டுது” என்பான். அதனால் இப்போது சொல்கிறேன் சாமி: உங்கம்மாவுக்கு இன்னும் 4 சுற்று பாக்கியிருந்தது.