மை தீர்ந்தால் தூக்கி எறிய வேண்டுமா?

கடலூரோ சிதம்பரமோ, புராஜெக்ட் சமர்ப்பிக்கும் நேரம் பார்த்துத்தான் கார்ட்ரிட்ஜ் தீரும். புதிது வாங்குவதா, மை நிரப்புவதா? நிரப்புவதே நியாயம்!

வணிகவியலில் ரேசர்-பிளேடு உத்தி என்று ஒன்று உண்டு நண்பர்களே. ரேசரை மலிவாகக் கொடுத்து, பிளேடில் லாபம் பார்ப்பது. மலிவு விலை பிரிண்டரின் கதையும் அதேதான்.

"நிரப்பினால் ஹெட் போய்விடும்" என்பார்கள். பெரும்பாலும் கெடுப்பது மை அல்ல, அவசரம். ஹெச்.பி., கேனான் இங்க்ஜெட்களில் மை சூடாகிக் குமிழியாகித்தான் துளை வழியே தெறிக்கிறது. மையே இல்லாமல் பிரிண்ட் கொடுத்தால் ஹெட் கருகிவிடும். எனவே எழுத்து மங்கத் தொடங்கியதுமே நிரப்புங்கள். ஊசியை ஸ்பாஞ்சுக்குள் இறக்கி, மெதுவாக அழுத்துங்கள். வழிந்தால் நிறுத்தி டிஷ்யூவில் ஒற்றுங்கள். அந்த மாடலுக்கான மையே வாங்குங்கள். டை மையும் பிக்மென்ட் மையும் கலந்தால் அடைத்துக்கொள்ளும். பிறகும் பல பிரிண்டர்கள் 'மை காலி' என்றே காட்டும். அது சிப் போடும் கணக்கு, உள்ளே இருக்கும் அளவு அல்ல.

இது திருட்டா? லெக்ஸ்மார்க் டோனர் கார்ட்ரிட்ஜ் வழக்கில் 2017-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விற்ற பொருளின் மீது காப்புரிமை பேச முடியாது என்றது. அதற்கும் முன்பே, 2010-ல், எப்சன் இந்தோனேசியாவில் பாட்டிலால் மை ஊற்றும் டேங்க் பிரிண்டரை விற்கத் தொடங்கியது. நிரப்புவது தவறென்றால் கம்பெனியே அதற்கு வழி செய்யுமா?

காசு கொடுத்து வாங்கிய பெட்டி வாங்கியவருடையது. அதில் எந்த மை என்பதும் அவர் முடிவே!