ஜூடி எங்கேய்யா?

"சிட்காம்ல போய் லாஜிக் பார்க்கலாமா டாக்டர்?"னு கேட்கிறவங்க கொஞ்சம் நில்லுங்க.

அமெரிக்காவோட 'ஃபேமிலி மேட்டர்ஸ்' 1989-ல் ஆரம்பிக்கும்போது வின்ஸ்லோ தம்பதிக்கு மூணு பிள்ளைங்க. 1993-ல், நாலாவது சீசனோட கடைக்குட்டி ஜூடியைக் காணோம். சாகலை, ஹாஸ்டலுக்கும் போகலை. தொடர் 1998 வரை ஓடுது. அப்பா கார்ல் போலீஸ்காரர் வேற! ஒரு நாள்கூட மகளைத் தேடலை. நடுவில் வந்த பக்கத்து வீட்டு அர்க்கல்தான் அந்த வீட்டுக்கே செல்லம்.

'ஹேப்பி டேஸ்' இன்னும் மோசம். மூத்தவன் சக் ரெண்டு சீசனோட மறைஞ்சிட்டான். 1984-ல் கடைசி எபிசோடில் அப்பா ஹோவர்ட் உருகிப் பேசுறார், ரெண்டு பிள்ளைகளை வளர்த்தாங்களாம். ரெண்டு!

நடிகரை எடுத்திருக்கலாம், பட்ஜெட் இடிச்சிருக்கலாம். புரியுது. அதுக்கு "சக் வெளியூர்ல வேலை பார்க்கிறான்"னு ஒரு வசனம் போதுமே?

எங்க வார்டுல சொல்லாம ஓடிப்போற நோயாளிக்குக்கூட கேஸ் ஷீட்டில் 'அப்ஸ்காண்டட்'னு நேரம் போட்டு எழுதணும். விட்டா காலைல ரவுண்ட்ஸ்ல சீஃப் கிழிச்சிடுவார். வருஷக்கணக்கா குடும்பப் பாசத்தை வித்தவங்களுக்கு, சொந்தப் பிள்ளைக்கு அந்த ஒரு வரி எழுத வக்கில்லையா?